ஒத்துழைப்பு போதாது

1
இந்தக் கதை அக்காவுடையது. ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள் நேற்று கொட்டித் தீர்த்தாள். முதல் வரி: ‘பாதி வாரம் வீடு, பாதி வாரம் அலுவலகம் என்று வேலை பிரிந்தபோது எல்லோரும் நிம்மதியாக’ — (அடித்துவிட்டேன். பொய்.)

2
மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் குறிப்புத்தாள்களைப் பிழை திருத்தும் ஆறு பேருக்கு அக்கா தலைவி. இரண்டு நாள் அலுவலகம், மூன்று நாள் வீடு. ஆறு பேரில் ஒருவருக்கு ‘மியூட்’ என்று பட்டப்பெயர். ஐம்பது தாண்டியவர். வீட்டிலிருந்து கூட்டத்தில் சேர்ந்தால் கேமராவும் மைக்கும் அணைந்தே இருக்கும். அவர் வேலை மட்டும் ஒருநாளும் தாமதமானதில்லை.

மேலிடம் கேட்டது: “குழுவோடு ஒட்டாதவர் யார்? அவர் ஐந்து நாளும் நேரில் வரட்டும்.”

அக்கா அவர் பெயரை எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில்: ஒத்துழைப்பு போதாது.

3
“மேடம், அந்த மூணு நாளை மட்டும் விட்டுருங்களேன்.”

“காரணம் சொல்லுங்க, பேசிப் பார்க்கறேன்.”

அவர் பேச வாயெடுத்தார். அக்காவின் அறை வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

“ஒண்ணுமில்ல மேடம். வந்துடறேன்.”

(இங்கே அக்கா எழுந்து கதவைச் சாத்துவதாக எழுதிப் பார்த்தேன். ஒரே வரிதான். ஆனால் அவள் சாத்தவில்லை.)

4
அவர் மனைவிக்கு மறதி நோய் முற்றியிருந்தது. நிமிடத்துக்கொரு முறை அந்த அம்மாள் கத்துவார். அதனால்தான் மைக் அணைந்திருந்தது. அலுவலக நாள் இரண்டிலும் மைத்துனி வந்து பார்த்துக்கொள்வாள். மற்ற மூன்று நாளும் அவர்தான். இப்போது அந்த நாட்களில் வாசலைப் பூட்டிவிட்டு வந்தார்.

மூன்றாவது வாரம், ‘குழு ஒற்றுமை’ கூட்டத்தில் சுவரில் வண்ணத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி அவரைப் போனில் அழைத்தாள்: “பின்கதவு திறந்து கிடக்குங்க. அவங்களக் காணோம்.”

ஆறு பேரும் ஓடினார்கள். பேருந்து நிலையம் ஒருவர், மருத்துவமனை ஒருவர், சந்துசந்தாக மற்றவர்கள். (அந்தக் குழு ஒன்றாக வேலை செய்தது அன்றைக்குத்தான்.)

5
முடிவு ஒன்று: ‘பேருந்து நிலைய பெஞ்சில் அந்த அம்மாள்’ —

முடிவு இரண்டு: ‘வாய்க்கால் ஓரத்தில் ஒரு’ — கை வரவில்லை.

அந்த அம்மாள் காணாமல் போய் இன்று முப்பத்துநாலாம் நாள்.

“கதையிலயாவது அவங்களக் கண்டுபிடிச்சுக் கொடேன்டா,” என்கிறாள் அக்கா.

கொடுக்கலாம். அவள் ஓர் இரவு தூங்குவாள். அவரோ மனைவியின் போட்டோவை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்துகொண்டிருப்பார். என்னால் எழுத முடியவில்லை.

ஒல்லியான உடம்பு, நரைத்த பின்னல், வெறுங்கால். உங்கள் தெருவில் பார்த்தால் கதை கிடக்கட்டும்; ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவையுங்கள்.