ஏரிப் பக்கம் இரண்டு தெரு

மனாகுவாவில் ஒருவன் வீட்டு எண்ணைக் கேட்டால் அவன் வெளியூர்க்காரனாக இருப்பான். இல்லையென்றால் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த எங்கள் இன்ஜினியர் லிசாந்த்ரோவாக இருப்பான். இங்கே வீட்டுக்கு எண் கிடையாது, தெரிந்த ஓர் இடத்திலிருந்து எந்தப் பக்கம் எத்தனை தெரு என்பதுதான் முகவரி.

வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் கம்பெனி. பெயர், தொலைபேசி, தொடங்கும் இடம், அங்கிருந்து போகும் வழி என ஆளுக்கு நான்கு விவரங்கள் ஒரு தரவுக் கோப்பில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது நான். தொடங்கும் இடங்களில் பாதி இப்போது இல்லை. சினிமா கொட்டகை இருந்த இடம், பெரிய மரம் இருந்த இடம் என்றுதான் இருக்கும். கொட்டகை நான் பிறப்பதற்கு முன்பே பூகம்பத்தில் விழுந்துவிட்டது. அதனால் என்ன? ஊருக்கே தெரியும். ஏரிப் பக்கம் என்றால் வடக்கு, மேலே என்றால் சூரியன் உதிக்கும் கிழக்கு, அதுவும் ஊருக்கே தெரியும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும், லீவில் இருந்தவருக்குப் பதிலாகப் புது வழியில் போயிருந்த டிரைவர் சோய்லோ ஃபோனில் கூப்பிட்டார்.

"அஸுசேனா, என்னடி அனுப்பியிருக்கே? டோன் எவெலியோ வீடு, 'ஏரிப் பக்கம் ரெண்டு தெரு, மேலே ஒண்ணு'ன்னு மொட்டையா நிக்குது. எங்கேயிருந்து ரெண்டு தெரு? உன் தலையிலேர்ந்தா?"

கோப்பைத் திறந்தேன். பாதி வரிகளில் தொடங்கும் இடம் காலி. வெறும் மேற்கோள் குறிகள் பல்லை இளித்தன.

"நான்தான் சுத்தம் பண்ணேன்," என்றான் லிசாந்த்ரோ, நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே. "சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட். ஒவ்வொரு இடத்தையும் மேப்ல தேடும், கிடைக்கலைன்னா தூக்கிடும். இடிஞ்சு போனதையெல்லாம் எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?"

"நகல் எடுத்தீங்களா, இன்ஜினியரே?"

"நகலும் அதே ஃபோல்டர்லதானே இருந்துச்சு? எல்லாத்தையும் சேர்த்தே ஓட்டிட்டேன்."

பெருமையாகச் சொன்னான். ஒரு கோப்பைப் படி, வேறொரு கோப்பில் எழுது, சரிபார்த்த பிறகு பழையதைத் தொடு. இந்த வேலையில் இதுதான் முதல் பாடம். படித்த கோப்பின் மேலேயே எழுதியிருக்கிறான், படுபாவி!

பெரியவர் டோன் எவெலியோவின் நுரையீரல் முக்கால்வாசி போய்விட்டது. கையிலிருக்கும் சிலிண்டர் மதியத்தோடு தீர்ந்துவிடும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். வீட்டுக்கு ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். கோஸ்டா ரிக்காவில் சமையல் வேலை செய்யும் அவர் மகள் மாரித்சாவின் எண்ணும் கோப்பில் இருந்தது. நல்லவேளை, எண்களை லிசாந்த்ரோ சுத்தம் பண்ணவில்லை. அவளைக் கூப்பிட்டு, எங்கேயிருந்து இரண்டு தெரு என்று கேட்டேன்.

"ஐஸ் ஃபாக்டரி இருந்த இடத்துலேர்ந்துதான் அக்கா, எல்லாருக்கும் தெரியுமே!" என்றவள் சட்டென்று குரல் மாறினாள். "அப்பா ஏன் ஃபோனை எடுக்கல?"

"வண்டி வாசலுக்குப் போயிடுச்சும்மா," என்று பொய் சொல்லிவிட்டு வைத்தேன்.

சோய்லோவிடம் சொன்னதும், "அட, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா!" என்று வண்டியைத் திருப்பினார். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

நான் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா, ஒரு ஃபோன் போட்டா கிடைச்சிடுது," என்றான் லிசாந்த்ரோ. "இதுக்கா இந்தக் கூச்சல்? ஊர் முகவரி ஒழுங்கா இல்ல, ஸ்கிரிப்ட் என்ன பண்ணும்?"

"ஸ்கிரிப்ட் தானா எழுந்து ஓடுச்சா? வாயை மூடுங்க!"

வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அவன் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வந்தான், அதற்குள் சோய்லோவின் அழைப்பு வந்துவிட்டது.

"சிலிண்டரை மாட்டிட்டேன்," என்றார். அவருக்கே மூச்சு வாங்கியது. "உதடெல்லாம் நீலம். தரையில கிடந்தாரு அஸுசேனா, ஃபோன்கிட்ட தவழ்ந்து வந்திருக்காரு. ஃபோனை அவர் வாய்கிட்ட வைக்கிறேன், நீயே கேளு."

கிழித்துக்கொண்டு உள்ளே போகும் காற்று. நடுவில் ஒரு நிறுத்தம். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். பிறகு மறுபடியும் அந்த இழுப்பு.

நான் எழுந்துபோய் ஃபோனை லிசாந்த்ரோவின் காதில் வைத்து அழுத்தினேன். தலையை விலக்கப் பார்த்தான். விடவில்லை, சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன்.

"கேளுங்க," என்றேன்.