ஆல்பி தானாகவே நடந்துவிடுவார்

மருமகன் ஜாரட் மட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆடுகளத்துக்குள் நுழையும் அழகைப் பார்க்கும்போதெல்லாம் ஆல்பி ட்ரெவினுக்குப் பற்றிக்கொண்டு வரும். தொப்பிக்கு மேல் ஒரு கறுப்புக் கண்ணாடி. வெயில் கண்ணில் அடித்தாலும் அதைக் கீழே இறக்க மாட்டான். உதட்டில் வெயிலுக்கான வெள்ளைக் களிம்பு. கையில் இளஞ்சிவப்புக் கையுறை. தர்ராலி ஊரின் நாலாம் தரக் கிரிக்கெட் அணி அது. பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது, மீதிப் பேருக்குத் தொப்பை. அந்தக் கூட்டத்துக்குத் தலைவனானதற்கே இந்த அலட்டல். அல்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஜாரட் நீச்சல் குளம் விற்பவன். கோதுமைக்கே தண்ணீர் இல்லாத ஊரில் நீச்சல் குளம்! அதையும் வாங்க ஆள் இருந்ததுதான் ஆல்பிக்கு இன்னும் எரிச்சல். வீட்டுப் பின்புறம் கறி சுட அவன் வாங்கிப் போட்டிருக்கும் அடுப்பு ஆல்பியின் காரைவிடப் பளபளப்பு. அவுட்டானால் ஆடுகளம் சரியில்லை என்பான், வெளிச்சம் சரியில்லை என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆல்பி வேறு ரகம். அதை அவரே சொல்லுவார். எண்பத்தேழாம் வருஷத்து அரையிறுதியில் பந்து அவர் மட்டையில் உரசியது அவருக்கு மட்டும்தான் தெரியும். நடுவர் அவுட் இல்லை என்றுவிட்டார். ஆல்பி மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தானாகவே நடந்து வெளியேறினார். அணி தோற்றது. அந்த நடையின் கதையை மதுக்கடையில் சொல்வார், முடி வெட்டும் கடையில் சொல்வார், கல்யாணத்திலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். மனைவி வெரா அவரை விட்டுவிட்டு க்வீன்ஸ்லாந்துக்குப் போனபோது, "அந்தக் கதை கேக்காத ஊராப் பாத்துப் போறேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபின் வாரம் முழுக்க டின் சூப்பும் ரொட்டியும்தான். ஞாயிறு மதியம் மட்டும் மகள் கெரின் வீட்டில் ஆட்டுத்தொடை ரோஸ்ட். பேத்தி டெஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாரத்துக் கதையெல்லாம் சொல்லுவாள். அந்த ஒரு மதியத்துக்காகத்தான் மற்ற நாட்களை அவர் தள்ளிக்கொண்டிருந்தார். இறுதியாட்டத்தன்று காலை, கெரின் அதற்கும் உலை வைத்தாள்.

"அப்பா, இங்க வாங்க." கார் கதவைச் சாத்திவிட்டு அவரைத் தனியே அழைத்தாள். "போன வாரம் டெஸ்ஸோட சிநேகிதப் பிள்ளைங்க முன்னாடி ஜாரட்டை என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"'இவன் விக்கிற தொட்டி மாதிரிதான் இவனும், முழங்கால் ஆழம்கூட இல்ல'ன்னு சொன்னீங்க."

"தமாஷுக்குச் சொன்னேன்மா."

"யாரும் சிரிக்கலப்பா. டெஸ் அழுதா. இன்னொரு தடவை ஊர் முன்னாடி அவனை அசிங்கப்படுத்துனீங்கன்னா ஞாயித்துக்கிழமை வராதீங்க. விளையாட்டுக்குச் சொல்லல."

ஆல்பி தலையாட்டினார். பின்சீட்டில் ஒரு கேக் இருந்தது. மேலே கிரீமில் 'நூறு' என்று எழுதியிருந்தது. ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கவில்லை! வெட்கங்கெட்ட குடும்பம் என்று மனதுக்குள் திட்டினார், அதில் தன் மகளும் அடக்கம் என்பது நினைவில்லாமல்.

நாலாம் தர ஆட்டத்துக்கெல்லாம் சங்கம் நடுவரை அனுப்பாது. மட்டை பிடிக்கும் அணியே தன் ஆட்களில் இரண்டு பேரை நடுவராக நிறுத்த வேண்டும். மற்றவர்களுக்கு அது தண்டனை. ஆல்பிக்கு அது பட்டாபிஷேகம். கடைசி ஆளாக இறங்க வேண்டியவர், கால்காப்பைக் கட்டிக்கொண்டு அதன்மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஓவருக்குப் பந்தெண்ண ஆறு கூழாங்கற்களைக் கையில் வைத்துக்கொண்டு, மதியம் முழுக்க வெயிலில் நின்றார்.

எதிரணி மின்யாலா. எட்டு விக்கெட் போய்விட்டது. ஜாரட் தொண்ணூற்றாறில் நின்றான். இன்னும் நாலு எடுத்தால் அவனுக்குச் சதம், அதே நாலில் ஊருக்குக் கோப்பை. மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த கார்கள் இப்போதே ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டன.

"என்ன பெரிசு, கண்ணாடி துடைச்சுக்கிட்டீங்களா?" என்றான் ஜாரட். "சரித்திரம் நடக்கப்போவுது. அப்புறம் பாக்கலன்னு சொல்லாதீங்க."

"நீ பந்தைப் பாரு, போதும்."

அடுத்த பந்து தாழ்ந்து வந்தது. ஜாரட் வானத்தைப் பார்த்து மட்டையை வீசினான். பந்து அவன் காலில் மோதியது, நடு ஸ்டம்புக்கு நேராக. மின்யாலாக்காரர்கள் கத்தினார்கள், அதுவும் கடமைக்குத்தான். நாலாம் தரத்தில் சொந்த ஆளுக்கு எல்.பி.டபிள்யூ. கொடுக்கும் நடுவரை எந்த ஊரும் கண்டதில்லை.

ஆல்பியின் விரல் மேலே போனது. சந்தேகமே இல்லாத அவுட், குருடனும் கொடுத்திருப்பான். ஆனால் நேர்மைக்கு அத்தனை வேகம் தேவையில்லை. வெறும் நேர்மை என்றால் நெஞ்சுக்குள் அத்தனை தித்திப்பும் இருந்திருக்காது.

ஹாரன்கள் அடங்கின. மின்யாலா கீப்பர் விழுந்து விழுந்து சிரித்தான். "சொந்த மாமனாரா? உங்க வீட்டுல கிறிஸ்மஸ் எப்படிப்பா போகும்?"

ஜாரட் முதல்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டான். அவுட்டானவன்தான் அடுத்த நடுவர் என்பது வழக்கம். ஆல்பி கோட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்தார், கூழாங்கற்களையும் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு போய் அவர் நின்ற இடத்தில் நின்றான்.

ஜாரட்டின் மட்டையோடு திரும்பிய ஆல்பி, எல்லைக்கோட்டருகே கெரினைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் டெஸ், அம்மாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். அப்போதுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

முதல் பந்து. மட்டையை நீட்டினார். ஒரு மெல்லிய உரசல், காகிதம் கிழிவதுபோல. பந்து கீப்பர் கைக்குள் போய் அடங்கியது. பதினொரு பேரும் கையைத் தூக்கினார்கள்.

ஜாரட் கூச்சலிட்டவர்களைப் பார்க்கவில்லை. ஆல்பியைத்தான் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

நடக்க வேண்டும். ஆல்பிக்குத் தெரியும். மருமகனின் சதம் ஏற்கெனவே போச்சு, இப்போது நடந்தால் ஊரின் கோப்பையும் போச்சு, இரண்டையும் கெடுத்தவர் அவர் ஒருவரே. கெரின் இனி கதவைத் திறப்பாளா? ஆல்பி குனிந்து, மட்டையின் நுனியால் தரையில் இல்லாத மேட்டைத் தட்டிச் சமன் செய்தார்.

"அவுட் இல்ல" என்றான் ஜாரட்.

'திருட்டுப் பயல்' என்று நினைத்தார் ஆல்பி. 'நல்லாத் தெரிஞ்சே சொல்றான்.' அப்படி நினைத்ததும் மனசு ஒருவாறு லேசானது. கோப்பைக்காக எதையும் செய்கிற பிறவி. இவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

அடுத்த பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். மட்டையின் விளிம்பில் பட்டு, கீப்பர் தலைக்கு மேலே பறந்து, நேரே எல்லைக்கோடு. ஹாரன்கள் ஊரையே கிழித்தன. யார் யாரோ அவரைத் தோளில் தூக்கினார்கள். கெரினே ஓடி வந்து முத்தம் கொடுத்தாள். "நாளைக்கு ஒரு மணிக்கு வந்துடுங்கப்பா."

ஞாயிறு மதியம் மேசையில் ரோஸ்ட்டைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த ஜாரட், டெஸ்ஸிடம் பேசிக்கொண்டிருந்தான். பள்ளி நெட்பால் ஆட்டத்தில் பந்து அவள் விரலில் பட்டு வெளியே போயிருக்கிறது. அவள் வாயைத் திறக்கவில்லையாம்.

"நடுவர்தான் கேக்கவே இல்லியேப்பா!"

"நேத்து நானும்தான் கேக்கல" என்றான் ஜாரட். "ஏதோ சத்தம் வந்துச்சு. மட்டையா காலான்னு சத்தியமா எனக்குத் தெரியல. எல்லாரும் கத்துறாங்க. தாத்தா என்னை அவுட் கொடுத்த கோவம் வேற, நெஞ்செல்லாம் எரியுது. கொடுத்துடலாம்னுகூடத் தோணுச்சு. அப்புறம் நெனச்சேன், பட்டிருந்தா ஆல்பி தானாவே நடந்துருப்பாரு. சொந்த மருமவனையே தொண்ணூத்தாறுல விடாத மனுஷன். அவரு நிக்கிறாரு. அப்போ பட்டிருக்காது. அவ்வளவுதான். அவரைப் பாத்துத்தான் சொன்னேன்."

ஆல்பி அவன் முகத்தில் நக்கலைத் தேடினார். கேலிக்கு ஒரு சுழிப்பு, கண்ணில் ஒரு கள்ளம், ஏதாவது. ஒன்றும் இல்லை. உதட்டில் கறிக் குழம்பு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். இந்த மடையன் நிஜமாகவே நம்பியிருக்கிறான். பத்து வருஷமாக இவனை வாய்க்கு வந்தபடி ஏசியதெல்லாம் ஆல்பியின் நாக்கில் திரும்பி வந்து கசந்தது.

டெஸ் அவர் பக்கம் திரும்பினாள். "பட்டிருந்தா நிஜமாவே நடந்துருப்பீங்களா தாத்தா? கோப்பை போயிருந்தாலுமா?"

கெரினும் அவரைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள்.

"நடந்துருப்பேன்" என்றார் ஆல்பி.

"பாத்தியா?" என்றான் ஜாரட் மகளிடம். எலும்போடு ஒட்டிய, நன்றாக முறுகிய துண்டாகப் பார்த்து எடுத்து மாமனார் தட்டில் வைத்தான். "சாப்புடுங்க பெரிசு. உங்களுக்குத்தான் எடுத்து வச்சேன்."

ஆல்பி சாப்பிட்டார். ருசியாகத்தான் இருந்தது.