படுக்க வைத்த கார்

பட்டணத்துப் பொடியன் ஒருவன் ஷோக்குக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தாழ்த்திய காரைத்தான் நான் வாங்கினேன். எங்கள் அர்தபீல் மலைநாட்டுப் பக்கம் அந்த மாதிரி வண்டியைப் ‘படுக்க வைத்த கார்’ என்பார்கள். விலை குறைவு, விழுந்துவிட்டேன். சனியனை விலை கொடுத்து வாங்கியதற்கு, எட்டு வருடமாகப் பனிக்காலம் முழுக்க அதன் அடியில் நானும் படுத்துக் கிடக்கிறேன்.

விற்றுத் தொலைக்கலாம்தான். ஆனால் என் மனைவி மாராலுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது; வண்டி இல்லாமல் ஒரு வாரம்கூட முடியாது. சனி, திங்கள், புதன் காலை ஒன்பது மணிக்கு டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மிஷின் ஓட வேண்டும். எவ்வளவு தாமதமாகப் போகிறோமோ அவ்வளவு நேரம் போச்சு. ஒரு மணிக்கு அடுத்த நோயாளி வந்து நிற்பார். போன வாரம் பனியில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. அன்று ராத்திரி நுரையீரலில் நீர் கோத்து, விடிய விடிய உட்கார்ந்தே மூச்சுக்குத் தவித்தாள். இன்னொரு தரம் இப்படி ஆனால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடமும் சொல்லியிருப்பார். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஊரிலிருந்து டவுன் இருபத்தெட்டு கிலோமீட்டர். லாரியும் டிராக்டரும் போய்ப் போய்ச் சக்கரத் தடம் இரண்டும் பள்ளமாகிவிடும். நடுவில் பனி இறுகி மேடாக நிற்கும். மற்ற வண்டிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. என் வண்டியின் அடிவயிற்றை அது கிழித்துவிடும். நானும் செய்யாத வைத்தியம் இல்லை. ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே ரப்பர் கட்டை செருகி இரண்டு விரல் உயர்த்தினேன். எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு மாட்டினேன். தடத்தில் இறங்காமல், ஒரு சக்கரம் நடுமேட்டிலும் ஒரு சக்கரம் ஓரத்திலுமாக ஓட்டப் பழகினேன். டிக்கியில் மணல் மூட்டை போடு, வழுக்காது என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அது அவர்கள் காலத்து, பின்சக்கரம் தள்ளும் வண்டிக்குச் சரி. என் வண்டியில் போட்டால் வயிறு தரையில் உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காலை வேலை. தகட்டுக்கும் எஞ்சின் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவே இருக்கும் சந்தில் சேறும் பனியும் அடைந்து ராத்திரியில் கல்லாகிவிடும். அதைக் குத்தி எடுக்காவிட்டால், தகட்டில் படுகிற அடி நேரே தொட்டிக்குப் போகும். அதனால் தினமும் விடிந்ததும் சாக்கை விரித்து அடியில் படுத்து, இரும்புக் கம்பியால் குத்துவேன். ஆஸ்பத்திரி நாளில் மாராலைத் தவிர ஓர் ஈயைக்கூட வண்டியில் ஏற்ற மாட்டேன்.

திங்கள் சாயங்காலம் விருந்தாளிகள் வந்தார்கள். எங்கள் மகன் யாஷாருக்குப் பேசியிருக்கும் பெண்ணின் அப்பா சஃபர், அம்மா தெல்லி. வீடு பார்க்க வந்திருந்தார்கள். இருவரும் நல்ல கனத்த சரீரம், நல்ல மனுஷர்களும்கூட. மாராலின் நோயைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. நிச்சயமாகாத சம்பந்தத்தில் யார் இதையெல்லாம் சொல்வார்கள்? இரண்டு நாளும் அவள், ஊசித் தழும்பு தெரியாதபடி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றாமலே தெல்லியோடு உட்கார்ந்து ரொட்டி சுட்டாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவர்கள் இரண்டு ராத்திரி மட்டும் தங்கிவிட்டுக் கிளம்பினார்கள், குறை சொல்ல முடியாது.

புதன்கிழமை காலை. தேன், பாலாடை, தேநீர் என்று விருந்தாளிகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்தில் கார் நிற்கிறது. சம்பந்தி ஆகப்போகிறவர் பார்த்துக்கொண்டிருக்க, கந்தல் கோட்டோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு என் வாய்க்கொழுப்பு. பத்து மணிக்கு மினிபஸ் வரும், அவர்கள் அதில்தான் போவதாக இருந்தது. நாங்கள் டவுனுக்குத்தான் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றேன். எங்களிடையே அப்படிச் சொல்லாமல் இருக்க முடியாது. எதிராளி வேண்டாம் என்பார்; மறுபடி கூப்பிட வேண்டும்; மறுபடி வேண்டாம் என்பார்; மூன்றாம் முறையும் கூப்பிட்டு, அவர் மூன்றாம் முறையும் மறுத்துவிட்டால் இரு பக்கமும் மரியாதை நிலைக்கும். சஃபர் இரண்டு முறை சரியாக மறுத்தார். மூன்றாம் முறை வானத்தைப் பார்த்தார். சரி, இவ்வளவு வற்புறுத்துகிறீர்களே என்று கோட்டை எடுத்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும். போதாக்குறைக்கு அவர்களுக்கென்று ஒரு மூட்டை உருளைக்கிழங்கையும் என் கையாலேயே டிக்கியில் ஏற்றினேன். மாரால் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கிளம்பின நேரத்திலிருந்தே வண்டியின் வயிறு உரசிக்கொண்டு வந்தது. வழியில் வரும் ஆட்டுப்பாலத்துக்கு முன்னால் இருநூறு அடி தூரம் பாதை குறுகும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஓரத்தில் சக்கரம் வைக்க இடமில்லை, தடத்தில்தான் இறங்க வேண்டும். நடுமேடு அன்றைக்கு ஒரு சாண் உயரம் நின்றது. வண்டியை நிறுத்தினேன். எல்லோரும் இறங்கி இந்த இருநூறு அடி நடந்தால் வண்டி தப்பிக்கும். ‘கொஞ்சம் இறங்கி நடங்க’ என்று சொன்னால் போதும். விருந்தாளியைப் பனியில் இறக்குவதா? நாக்கு எழவில்லை.

மாரால் கதவைத் திறந்து இறங்கினாள். கால் மரத்துவிட்டது, கொஞ்சம் நடந்து வருகிறேன் என்றாள். நாற்பத்தைந்து கிலோகூட இல்லாதவள். வண்டியில் இருந்தவர்களில் நடக்கவே கூடாதவள் அவள் ஒருத்திதான்.

சஃபர் மடையர் இல்லை. “தம்பி, வண்டி இடிக்குது போலிருக்கே. நாங்களும் இறங்கிக்கட்டுமா?”

“என்ன அண்ணே நீங்க! இந்தக் குளிர்லயா? இந்த டப்பா உங்க செருப்புக்குச் சமானமா? பேசாம உக்காருங்க.”

அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி மறுத்தேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை.

தடத்தில் இறங்கினேன். பாதி தூரத்தில் அடியிலிருந்து ஒரு சத்தம், சட்டி உடைவது போல. சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினை அணைத்தேன். பின்னால் நடந்து வந்த மாரால் பனியில் நீண்டு கிடந்த கறுப்புக் கறையைப் பார்த்து நின்றாள்.

“எண்ணெய்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மணி எட்டு இருபது. இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். வெறும் கையோடு நின்றேன். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. நான்தான் இவளைக் கொல்லப்போகிறேன் என்று தோன்றியது.

அந்த நேரத்தில், கடவுள் புண்ணியம், பின்னாலிருந்து பனி தள்ளும் வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் பாய்ராம் என்ற அயலூர்க்காரன். டவுனுக்குத்தான் போகிறானாம். இடுக்கில் புகுந்து போய்விடலாம், காரை மட்டும் பாறைப் பக்கம் தள்ளிக் கொடுங்கள் என்றான். தள்ளிக் கொடுத்தோம். அவன் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கை. பெரியவர் ஏறட்டும் என்று சஃபரைக் கை காட்டினான். சஃபர், தான் எதற்கு, தம்பி போய் மெக்கானிக்கைக் கூட்டி வரட்டும் என்று என்னைக் காட்டினார். மாரால் போக வேண்டும் என்று கத்த வேண்டிய வாய், விருந்தாளி இருக்க நான் ஏறுவதா, தெல்லி அக்கா ஏறட்டும் என்றது. தெல்லி, செத்தாலும் மாட்டேன், மாரால் ஏறட்டும் என்றாள். இனி மாரால், ஐயோ நீங்கள் ஏறுங்கள் அக்கா என்று சொல்ல வேண்டும். முறை அதுதான்.

மாரால் அதைச் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஏறி, கதவை இழுத்துச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கி எங்கள் மூவரையும் பார்த்தாள்.

“எனக்கு ரெண்டு கிட்னியும் இல்ல. ஒம்பது மணிக்கு மிஷின்ல படுக்கணும். உங்க உபசாரம் முடியறதுக்குள்ள நான் செத்துடுவேன்.” பிறகு பாய்ராமிடம் திரும்பினாள். “போ தம்பி.”

அவன் போனான்.

அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். பழக்க தோஷம், வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். தகட்டுச் சந்தில் காலையில் நான் குத்தி எடுக்காத பனிக்கட்டி அப்படியே இருந்தது. அதற்கு மேலே தொட்டி வாய் பிளந்து, மிச்ச எண்ணெய் என் சட்டைக் கையில் சொட்டியது.

“ரொம்பச் சேதமா, தம்பி?” மேலிருந்து சஃபரின் குரல்.

“ஒண்ணுமில்ல அண்ணே. லேசா கசியுது, அவ்வளவுதான்.”

தெல்லி குனிந்து என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“போதும் தம்பி. இங்க உள்ளதைச் சொன்னது அவ ஒருத்திதான். எந்திரிங்க, பஸ் வர்ற வரைக்கும் நடப்போம். அவ படுத்து எந்திரிக்கும்போது பக்கத்துல நாம இருக்க வேண்டாமா?”

நான் எழுந்தேன். வேண்டாம் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.