அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில்

தம்பி சொல்வதை அப்படியே சொன்னால் அம்மாவின் முகம் வாடிவிடும்; இனிக்க மாற்றிச் சொன்னால் நாளைக் காலையில் பெட்டியோடு அவன் வீட்டு வாசலில் போய் நிற்பாள். எதைச் சொல்ல?

தம்பி மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஆறிப்போன தேநீரைச் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்த ஊர் மொழிதான் வரும். அம்மாவுக்கு அதில் பஸ் ஏறவும் சாமான் வாங்கவும் மட்டும் தெரியும். அம்மாவிடம் பேச அவனிடம் மிஞ்சியிருப்பவை பசி, போதும், நல்லா, போறேன் என்று நாலைந்து சொற்கள். கிடங்கில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவன், அம்மா முன்னால் மட்டும் பேச்சு வராத குழந்தை.

"தொரை வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமோ? சாப்பிட்டானான்னு கேளுடி."

கேட்டேன். சும்மா தொந்தரவு செய்யாதே என்றான்.

"சாப்பிட்டுட்டுத்தான் வந்தானாம். நீ சாப்பிட்டியான்னு கேக்கிறான்."

அம்மா மனம் குளிர்ந்துபோனாள். முப்பது வருடமாக இப்படித்தான்.

ஐந்து வயதுவரை அவன் பெரிய வாயாடி. அம்மாவோடு சரிக்குச் சரி வாதாடுவான். பள்ளியில் சேர்ந்ததும் அந்த மொழி வீட்டுக்குள் வந்தது. அம்மா ஆலையில் இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் கால் வீங்கி வருவாள். அவனுக்கு என்ன வேண்டும், எதற்கு அழுகிறான் என்று அவளுக்குச் சொல்ல ஒன்பது வயதில் நான் இருந்தேன். அவனுடைய தமிழ் எந்த நாளில் நின்றது என்று எங்கள் மூவருக்கும் தெரியாது.

ஒருநாள் மட்டும் நினைவிருக்கிறது. பத்து வயதில் அலமாரிக் கண்ணாடியை உடைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றான். மன்னிப்புக் கேட்பதை அம்மாவின் மொழியில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டான். சொல்லித் தந்திருக்கலாம். "நீ போ, நான் சொல்லிக்கிறேன்" என்றேன். இரண்டு பேருக்கும் நான் தேவைப்பட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் அம்மா, "இந்த மாடிப்படியெல்லாம் இனிமே ஏற முடியாது. அவன் வீட்டுக்கே வந்துடட்டுமான்னு கேளு" என்றாள். பார்க்கலாம் என்று அவன் தோளைக் குலுக்கினான். "எப்ப வேணும்னாலும் வாம்மாங்கிறான்" என்று நான் சொன்னேன். என் நாக்கு பழகின தடத்திலேயே போயிற்று.

அம்மா பெட்டி கட்டிவிட்டாள். நேற்று அவனிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். முதலில் கத்தினான். இருப்பதே இரண்டு அறை, ஒன்றில் மாமனார் படுத்த படுக்கை, எங்கே வைத்துக்கொள்வான்? இன்று வந்து உட்கார்ந்துகொண்டு, வழக்கம்போல நோகாமல் நீயே சொல்லிவிடு, உனக்குத்தான் அது கைவந்த கலை என்கிறான்.

"என்னடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு? எப்பக் கூட்டிட்டுப் போறானாம்?"

ஒரு சாக்கு தயாராகவே நாக்கின் நுனியில் இருந்தது. வீட்டுக்கு வர்ணம் பூசுகிறார்கள் என்று சொன்னால் அம்மா நம்புவாள். பிறகு அடுத்த மாதத்துக்கு இன்னொன்று. இவள் கடைசிவரை என் வாயில் பிறந்த மகனைத்தான் தன் மகன் என்று நம்பிக்கொண்டிருப்பாள். நான் செய்துகொடுத்த மகனை.

"அக்கா" என்றான் தம்பி, கெஞ்சலாக.

நான் சொல்லப் போவதில்லை, உனக்கு வருகிற சொற்களில் நீயே சொல் என்று அவன் மொழியில் சொன்னேன். அவன் முகம் வெளிறியது.

அம்மாவின் பக்கம் திரும்பினேன். "அன்னைக்கு வரச் சொன்னது அவன் இல்லம்மா. நான்தான்."

அம்மா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அவன் என்னதான் சொன்னான்? சொல்லுடி" என்றாள்.

"அவனையே கேளும்மா."