ஒனோராவின் அடுப்பு

“மாட்டையும் மனிசரையும் ஒரே வரியில எழுதியிருக்கிறாங்கள், பாருங்கோ,” என்றாள் என் மனைவி விக்ரோறியா, டைப் அடிப்பதை நிறுத்தாமல். நான் புக்கெகோஹித் தோட்டமொன்றில் நாள் முழுவதும் வெங்காயம் தரம் பிரித்துவிட்டு வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து நாங்கள் குடியேறியிருந்த மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக் குசினியில் ஒரு தேத்தண்ணிக்காகக் காத்திருந்தேன். அது வரும் அறிகுறியே இல்லை. மேசை முழுக்க ஹெகட்டி ஐயா எழுதும் அயர்லாந்துச் சரித்திரத்தின் கையெழுத்துத் தாள்கள். மீன் குழம்புச் சட்டிகூட அயர்லாந்துக்கு இடம் விட்டு ஓரத்துக்குப் போயிருந்தது.

ஹெகட்டி ஐயா மூன்று வீடு தள்ளி இருப்பவர், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், பிறந்தது அயர்லாந்தில். பன்னிரண்டு வருடமாக ஒரே புத்தகத்தை எழுதுகிறார். கை நடுங்கத் தொடங்கியதும் அவருடைய எழுத்தை அவராலேயே வாசிக்க முடியாமற் போயிற்று. என் மனைவியோ யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், பதினொரு வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள். எந்தக் கிறுக்கலும் அவளுக்கு அச்செழுத்துத்தான். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பதிலாக அவர் கிழமைக்கு ஒரு பாண் சுட்டுக் கொண்டுவருவார். அதை வெட்டுவது என் பொறுப்பு, வாளால் அறுத்தால் நல்லது.

புத்தகம் முந்நூற்று நாற்பது வருடத்துக்கு முந்திய கதை. ஆங்கிலேயத் தளபதி குரொம்வெல்லின் பட்டாளம் அயர்லாந்தைப் பிடித்த பிறகு, சம்பளப் பாக்கிக்குப் பதிலாகச் சிப்பாய்களுக்கு நிலத்தை அளந்து கொடுத்தார்களாம். நிலத்துக்காரர் 1654 மே முதலாம் திகதிக்குள் ஷானன் ஆற்றைக் கடந்து மேற்கே கல்லுக் காட்டுக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. போகுமுன் ஒவ்வொரு குடும்பமும் பதிய வேண்டும்: பெயர், வயது, உயரம், மயிரின் நிறம், எத்தனை மாடு, எத்தனை ஆடு. அந்தப் பட்டியலில் விக்ரோறியாவுக்கு ஒருத்தியைப் பிடித்துப்போயிற்று. ஒனோரா, வயது இருபத்தாறு, நடுத்தர உயரம், செம்பட்டை மயிர், இரண்டு பசு. விதைத்ததை அறுக்கவென்று அவள் மட்டும் பின்தங்கி நின்றாளாம். “கெட்டிக்காரி,” என்றாள் என் மனைவி, பக்கத்துத் தெருப் பெண்ணைச் சொல்வதுபோல.

அது ஒக்டோபர் மாதம், 1995. மாதக் கடைசியில், யுத்தம் ஊரை நெருங்க, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. ஒலிபெருக்கியில் போகச் சொன்னார்கள், மழைக்குள் லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது என்று வானொலியில் கேட்டோம். விக்ரோறியாவின் தங்கை றெபேக்கா, அவள் புருஷன் அன்றூ, பிள்ளைகள் நிரூஜன், றொஷானி, நாலு பேரைப் பற்றியும் ஒரு செய்தியும் இல்லை. விக்ரோறியா அழவில்லை. இன்னும் வேகமாக டைப் அடித்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

காணாமற்போனவர்களைத் தேடித்தரும் அலுவலகம் ஒன்று நகரத்தில் இருந்தது. அடையாளங்களைத் தனித் தாளில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். அவளுக்குக் கை பழகின விதத்தில்தான் எழுத வந்தது. றெபேக்கா, வயது முப்பத்தொன்று, நடுத்தர உயரம், கறுத்த மயிர், ஒரு சைக்கிள், ஒரு தையல் மெஷின், நாலு ஆடு. அதே தாளில் மற்ற மூன்று பேரும்.

அதே கிழமை இன்னொரு தாளும் தயாரானது. நவம்பர் மாதம் கத்தோலிக்கருக்கு மரித்தவர்களின் மாதம். செத்துப்போன சொந்தக்காரரின் பெயர்களைக் கவரில் போட்டுக் கொடுத்தால் கோவிலில் வாசித்து மன்றாடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, சொந்தத்தோடு நிற்காமல், நினைக்க ஆளில்லாத ஆத்துமாக்களுக்காகவும் கேட்பது. விக்ரோறியா ஹெகட்டி ஐயாவின் பட்டியலில் இருந்து ஒனோராவையும் இன்னும் ஆறு பேரையும் எழுதினாள். “முந்நூறு வருசமா இவையளுக்கு ஒருத்தரும் ஒரு செபம் சொல்லியிருக்க மாட்டினம்,” என்றாள். இரண்டு தாளையும் என்னிடம் தந்தாள், இது தபாலுக்கு, அது கோவிலுக்கு என்று. இரண்டும் ஒரே தாள், ஒரே எழுத்து, ஒரே மடிப்பு. என் கண் நிறைய வெங்காயம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதர் தாளில் இருந்த பெயர்களை மட்டும் வாசித்தார். “றெபேக்கா. அன்றூ. நிரூஜன். றொஷானி. இவர்களுடைய ஆத்துமாக்கள் இளைப்பாறக்கடவன.” சுற்றியிருந்த சனம் ஆமென் என்றது. விக்ரோறியாவின் கை என் கையில் இருந்தது. அதை எடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வசனம் சொன்னாள். “என்ர தங்கச்சியை நீங்கள் சாக்குடுத்துப்போட்டியள்.” பிறகு மூன்று நாள் பேச்சில்லை, டைப் சத்தமும் இல்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது. ஒரு தாள் மாறினதால் யாரும் சாவதில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆமென் என் காதுக்குள்ளும் நின்றது. என்னை நானே அறைய வேண்டும்போல இருந்தது.

நாலாம் நாள் ஹெகட்டி ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய அயர்லாந்துக்காரர் ஏழு பேரை இந்நேரம் நகரத்தில் ஒரு அலுவலகம் தேடிக்கொண்டிருக்கும் என்றதும் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்த குறிப்பு அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நடுங்கும் கையால் ஒரு மணித்தியாலம் பார்த்தார். ஒரு அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “வாரும், றொபேட்,” என்றார்.

விக்ரோறியா அவருக்குத் தேத்தண்ணி வைத்தாள். எனக்கும் ஒன்று வந்தது. அவர் அட்டையை அவள் முன் வைத்தார். பட்டியல் எழுதிப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அரசாங்கம் அடுப்புக்கு வரி போட்டதாம், வீடு வீடாகப் போய் அடுப்பை எண்ணினார்களாம். அந்தக் கணக்கில், ஷானன் ஆற்றுக்குக் கிழக்கே, அதே பழைய ஊரில் ஒரு வரி இருந்தது. ஒனோரா, விதவை, அடுப்பு ஒன்று.

“அவள் போனதாகத்தான் நானும் எழுதியிருந்தேன்,” என்றார் ஹெகட்டி ஐயா. “தாளில் எழுதியதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்குச் சமைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தப் பக்கத்தைத் திருத்தி அடிக்க வேண்டும், விக்ரோறியா.”

அவள் அட்டையைக் கையில் எடுத்து வாசித்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு மெஷினுக்குள் தாளைச் செருகினாள். ஒனோராவின் பக்கம் முடிந்ததும் இன்னொரு தாளைச் செருகினாள். ஹெகட்டி ஐயா தன் பாணைத் தானே தேத்தண்ணிக்குள் தோய்த்துச் சாப்பிட்டார்.

“இஞ்சருங்கோ,” என்றாள். மூன்று நாளைக்குப் பிறகு அந்தக் குரல். மடித்த தாளையும் கவரையும் என்னிடம் நீட்டினாள். “ஒட்ட முந்தி ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.”

விரித்து வாசித்தேன். றெபேக்கா, வயது முப்பத்தொன்று, நடுத்தர உயரம், கறுத்த மயிர். சைக்கிள் இருந்தது, தையல் மெஷின் இருந்தது, ஆடு நாலும் இருந்தன. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி.

“இந்த வரியை அவங்கள் கேக்கேல்லையே, விக்ரோறியா.”

“கேக்கேல்லைத்தான். ஆனா எங்க நிண்டாலும் அவள் முதல் மூண்டு கல்லைத்தான் தேடியிருப்பாள்.”

கவரின் ஓரத்தை நாக்கில் தொட்டு ஒட்டினேன். உள்ளே கடைசி வரியில், மற்ற எழுத்துக்களைவிட அழுத்தமாக, அடுப்பு ஒன்று.