சலவை அறைத் தலைவரின் நெற்றி

ஹோல்கர் பனியில் வழுக்கி விழுந்த அந்தப் பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை வரைக்கும், ஆறாம் எண் கட்டடத்தில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை. உமெயோ என்ற அந்த வடகோடிப் பனி நகரத்தில் கௌரவமான குடித்தனத்துக்கு அதுதான் அடையாளம். படிக்கட்டில் பக்கத்து வீட்டாரின் காலடி கேட்டால், மாட்டிய கோட்டோடு கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்று, அவர் போய்த் தொலைந்த பிறகு வெளியே வருவதுதான் மரியாதை.

ஹோல்கர் அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், இருபத்திரண்டு வருடங்களாக. தலைவர் என்றால் பெரிய அதிகாரம் ஒன்றுமில்லை. அடித்தளத்திலிருந்த பொதுச் சலவை அறையைக் காபந்து பண்ணுவதுதான் வேலை. அங்கே சுவரில் ஒரு மரப்பலகை. நாளுக்கும் நேரத்துக்கும் தனித்தனியாகத் துளைகள். வீட்டுக்கு ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு. எந்தத் துளையில் உங்கள் பூட்டு தொங்குகிறதோ, அந்த மூன்று மணி நேரம் சலவை அறை உங்களுடையது. அரசரே அழுக்குத் துணியோடு வந்தாலும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

விதியை மீறினால் ஹோல்கர் சத்தம் போடமாட்டார். சீட்டு ஒட்டுவார். "உலர்த்தும் இயந்திரத்தில் சேர்ந்த துணிப்பஞ்சை எடுக்காமல் போனவர் தம் மனசாட்சியையும் அங்கேயே விட்டுப் போயிருக்கிறார். நட்பு வணக்கங்களுடன், ஹோல்கர்." கட்டடமே அவரை வெறுத்தது. அதே கட்டடம் வருடா வருடம் ஏகமனதாக அவரைத் தேர்ந்தெடுத்தது. வேறு யார் இந்தப் பாவத்தைச் சுமப்பது?

அவர் விழுந்ததும் கடமையில்தான். "பனி வழுக்காமல் படியில் மணல் தூவாதது யார்?" என்ற சீட்டை ஒட்டப்போய், மணல் தூவாத அதே படியில் வழுக்கி, நெற்றியைக் கல்லில் மோதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மூளை நிபுணர் மாலின் படத்தைக் காட்டி ஹோல்கரின் மனைவி குன்வோருக்கு விளக்கினாள்.

"நெத்திக்குப் பின்னாடி, கண்ணுக்கு நேர் மேல அடிபட்டிருக்கு. பேச்சு, ஞாபகம், கணக்கு எல்லாம் நல்லாவே இருக்கு. இதைச் சொல்லலாமா வேணாமான்னு தடுக்கிற இடம்தான் போச்சு."

"அப்ப இத்தனை வருஷம் உள்ள அடைச்சு வச்சிருந்ததெல்லாம் இனிமே வெளிய வருமா?" என்று குன்வோர் கேட்டாள். குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது.

"அப்படி நினைச்சுக்காதீங்க. எதுக்கு எவ்வளவு கனம்னு மனசு நிறுத்துப் பாக்கிற இடமும் அதுதான். அதுவும் சேர்ந்து போச்சு."

குன்வோர் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனாள். கூடவே ஒரு படிவம். தலையில் அடிபட்டவர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ஆறு வாரப் பயிற்சி முகாமில் ஓர் இடம் இருக்கிறது, வீட்டார் 'ஆம்' என்றால்தான் கிடைக்கும். கேள்வி ஒன்றே ஒன்று. "அவரிடம் வந்துள்ள மாற்றம் குடும்பத்துக்குத் தொந்தரவாக இருக்கிறதா? ஆம் / இல்லை."

தொந்தரவா? முப்பத்து நான்கு வருடத் தாம்பத்தியத்தில் ஹோல்கர் அவளைப் பாராட்டியது இரண்டே முறை. ஒன்று, காரை நேராக நிறுத்தியதற்கு. இன்னொன்று, உருளைக்கிழங்கைச் சரியாக வேகவைத்ததற்கு. வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அவள் கையைப் பிடித்து, "குன்வோர், உன் கை எவ்வளவு அழகு! இந்தக் கையை நான் பார்க்கவே இல்லையே!" என்றார். அவள் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வாசலில் தபால்காரியின் கையைப் பிடித்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். போகட்டும், தபால்காரிக்கும் கை இருக்கிறதல்லவா என்று குன்வோர் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அன்பு பெருகும்போது நாலு சொட்டு பக்கத்தில் சிந்தத்தான் செய்யும். படிவத்தில் "இல்லை" என்று போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தாள். ஏனோ கை ஓடவில்லை. மூன்று வாரம் அது குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்கியது. வரும் திங்கட்கிழமை அதை அனுப்பக் கடைசி நாள்.

கட்டடத்துக்கு முதல் வாரம் கொண்டாட்டம். படிக்கட்டில் ஹோல்கர் எல்லோரையும் கட்டிப்பிடித்தார். மூன்றாம் மாடி மௌரிட்ஸ் நாற்பது வருடத்தில் முதல்முறையாகக் கட்டிப்பிடிக்கப்பட்டு, இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கேட்டவருக்குக் கேட்ட நேரம் சலவை அறை கிடைத்தது. தலைவரிடம் எல்லாப் பூட்டுக்கும் பொதுச்சாவி இருந்ததே! ஒருவர் பூட்டைக் கழற்றி இன்னொருவர் பூட்டை மாட்டினார், முகம் கொள்ளாச் சிரிப்போடு.

இரண்டாம் வாரம் ஒரே நேரத்துக்கு மூன்று குடும்பங்கள் கூடையோடு நின்றன. யாரும் சண்டை போடவில்லை; நாகரிகமானவர்கள். மூன்று வீட்டாரும் சுவரைப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். மூன்றாம் வாரம் ஹோல்கரின் கதவிலேயே ஒரு சீட்டு. "தயவுசெய்து அன்பாக இருப்பதை நிறுத்தவும். நட்பு வணக்கங்களுடன், ஓர் அண்டை வீட்டார்." ஹோல்கர் அதைப் படித்துவிட்டு, "என்ன அருமையான கையெழுத்து!" என்று பூரித்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணி குன்வோரின் நேரம். இருபத்திரண்டு வருடங்களாக அந்தத் துளையில் அவர்கள் பூட்டைத் தவிர வேறு பூட்டு தொங்கியதில்லை. துணியைப் போட்டுவிட்டு மேலே போய் வந்தாள். இயந்திரத்தில் மௌரிட்ஸின் கம்பளிக் காலுறைகள் சுழன்றுகொண்டிருந்தன. அவள் துணிகள் தரையில் ஈரமாகக் குவிந்து கிடந்தன. மேலாக அவள் அம்மா தன் கையால் பூத்தையல் போட்ட மேசைவிரிப்பு. அதன்மேல் ஒரு காலணித் தடம்.

குன்வோருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சீட்டு எழுதியே தீருவது என்று, ஹோல்கர் அங்கே அலமாரியில் வைத்திருந்த கோப்பைத் திறந்தாள். ஒட்டிய சீட்டுக்கெல்லாம் நகல், தேதிவாரியாக. வெள்ளைத்தாள் தேடிக் கடைசிவரை புரட்டினாள். எல்லாவற்றுக்கும் அடியில், எங்கும் ஒட்டப்படாத ஒரு சீட்டு.

"இன்று யாரோ என் மனைவியின் ஈரத்துணியைத் தரையில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் அவள் அம்மாவின் மேசைவிரிப்பு இருந்தது. நான் பார்க்கவில்லை என்று நினைத்து அவள் அழுதாள். இந்தக் கட்டடத்தில் இது இன்னொரு முறை நடக்காது. நட்பு வணக்கங்களுடன், ஹோல்கர்."

தேதி, இருபத்திரண்டு வருடங்களுக்கு முந்தையது. அவர் முதல்முறையாகத் தலைவர் பதவிக்கு நின்ற மாதம்.

பஞ்சு, மனசாட்சி, நானூறு சீட்டுகள், கட்டடம் முழுவதின் வெறுப்பு, எல்லாம் இதற்காகத்தானா! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன கேடு என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தைவிடத் துக்கம் அதிகமாக வந்தது.

அப்போது ஹோல்கர் இலவங்கப்பட்டை பன் தட்டோடு இறங்கி வந்தார். பின்னால் மௌரிட்ஸ், தப்பிக்க வழியில்லாத முகத்தோடு.

"என் நேரத்தை இவருக்கா குடுத்தே?" என்றாள் குன்வோர்.

"கேட்டாரே! பாவம், காலுறை ஒண்ணுகூட இல்லையாம்."

"வேணும்னா இப்பவே வெளிய எடுத்துடறேங்க," என்று மௌரிட்ஸ் முனகினார்.

அவள் மேசைவிரிப்பைத் தூக்கிக் காட்டினாள். "ஹோல்கர், இது ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இல்லாமலா? உங்க அம்மாவோடது. இதே மாதிரி ஒரு நாள் தரையில கிடந்துச்சு. நீ உலர்த்துற அறையில ஒளிஞ்சு நின்னு அழுதே." மௌரிட்ஸ் பக்கம் திரும்பிக் கடகடவென்று சிரித்தார். "மூக்கெல்லாம் செவந்து போச்சு மௌரிட்ஸ், நீங்க பார்த்திருக்கணும்! ஒரு துணிக்குப் போய்! பன் எடுத்துக்கோங்க. உங்க கை எவ்வளவு அழகு!"

மௌரிட்ஸ் தரையைப் பார்த்தார். குன்வோர் விரிப்பை மடித்துக்கொண்டு மேலே ஏறினாள். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஒன்றும் கனக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாலின் சொன்ன இரண்டாம் பாதி இப்போதுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

குளிர்பெட்டிக் கதவிலிருந்து படிவத்தை எடுத்து "ஆம்" என்பதில் குறியிட்டாள். கீழே, 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா' என்ற இடத்தில் எழுதினாள்:

"என் கணவர் இப்போது எல்லோரிடமும் மிகவும் அன்பாக இருக்கிறார். முன்பு என்னிடம் மட்டும் அப்படி இருந்தார். நட்பு வணக்கங்களுடன், குன்வோர்."