முதல் அடுப்பின் கல்

என் கணவர் தியோடரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்காருகிறவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது. செகந்திராபாத்தில் லோத்குண்டாவிலிருந்து மாரெட்பள்ளிக்குப் போய்ச் சேருவதற்குள் நூறு வருஷத்துப் பட்டாளச் சரித்திரத்தைச் சொல்லி முடித்துவிடுவார். பால் பூத் சாய்ந்து நிற்கிற கல், கண்டோன்மென்ட் எல்லைக்கல். பூக்காரம்மா சாமந்தியைக் கொட்டி வைத்திருக்கிற கல்தொட்டி, பட்டாளத்துக் குதிரைகள் தண்ணீர் குடித்த தொட்டி. பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானத்தின் கோடியில் இருக்கிற மண்மேடு, துப்பாக்கி சுடப் பழகியவர்களின் குண்டு ஊருக்குள் போகாமலிருக்கப் போட்ட மேடு. இதெல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்.

"எங்க பூட்டன் சுபேதார் ஞானமுத்து இந்த வழியாத்தான் மார்ச் பண்ணிப் போனாரு."

எனக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். சுபேதாருக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது, ஒரு மெடல் கூடக் கிடையாது. ஆனாலும் அவர் எங்கள் வீட்டில் என் மாமியாரைவிட அதிகமாக அதிகாரம் பண்ணினார். சுபேதார் வீட்டு மருமகள் சத்தமாகப் பேசக் கூடாது. சுபேதார் வீட்டு மருமகள் தெருவில் நின்று வம்பளக்கக் கூடாது. நான் வந்த முதல் கோடையில் லோத்குண்டாவில் குழாய் வற்றிப்போய்த் தண்ணீர் டேங்கர் வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை மாமியார் வாசலில் மறித்தார்.

"சுபேதார் வீட்டு மருமக கொடத்தத் தூக்கிட்டு டேங்கர் வரிசையில நிப்பாளா?"

"கைக்கு? ஏன் நிக்கக் கூடாது? சுபேதார் வந்து புடிச்சுக் குடுப்பாரா?" என்றேன்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் பிடித்து வந்த தண்ணீரைத்தான் குடித்தார். அன்றிலிருந்து யாராவது "நீங்க யார் வீடு?" என்று கேட்டால் "தியோடர் வீடு" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சுபேதார் வீடு என்று என் வாயால் சொன்னதே இல்லை.

சபையில் மட்டும் அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது. பட்டாளத்தோடு வந்த திருநெல்வேலிக்காரர்கள் கட்டிய சின்னக் கோயில் எங்களுடையது. பிரதிஷ்டைப் பண்டிகை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே அசனம் நடக்கும். மொத்தச் சபைக்கும் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் அங்கேயே பொங்கி, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்கான கோட்டை அடுப்பில் முதல் நெருப்பை எங்கள் வீட்டார்தான் மூட்ட வேண்டும். எத்தனை போதகர் ஐயர்மார் மாறினாலும் இது மாறியதில்லை. ஏன் என்று கேட்டால், சுபேதார் வீடு அல்லவா, என்பார்கள்.

அந்த அடுப்பின் ஒரு பக்கம் ஆளுயர நீளத்துக்கு ஒரு தட்டைக் கல் படுத்திருக்கும். பெரிய அண்டாவின் விளிம்பு அதன்மேல்தான் அமரும். அந்தக் கல்லை யாரும் அசைக்கக் கூடாது, அசைத்தால் சபைக்கு ஆகாது என்று என் மாமனார் சாகிறவரைக்கும் சொன்னார். அவர் எல்லா மூடநம்பிக்கையையும் கிழித்துத் தோரணம் கட்டுகிற மனிதர். இந்த ஒரு கல்லின் விஷயத்தில் மட்டும் ஏன் அப்படி என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இந்த வருஷம் சாலையை அகலப்படுத்த எங்கள் மதிலைப் பத்தடி உள்ளே தள்ளச் சொல்லிவிட்டார்கள். அடுப்பு இருந்த இடம் மதிலுக்கு வெளியே போகிறது. பண்டிகைக்கு முன்னால் புதுச் சமையல்கூடம் கட்டி, சுவரில் கிரானைட் பலகை ஒன்று பதிக்கவும் கமிட்டி தீர்மானித்தது. 'சுபேதார் ஞானமுத்து நினைவு முதல் அடுப்பு' என்று பொன்னெழுத்தில் போட வேண்டுமென்று தியோடர் எழுதிக்கொடுத்தார். எழுதிக்கொடுத்த நாளிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. ரயில்வேயில் ரிடையர் ஆன பிறகு அவர் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

கமிட்டி செயலாளர் கனகமணி அக்காவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. மாரெட்பள்ளியில் டீச்சராக இருந்தவர். கையில் சிவப்புப் பேனா இல்லையே தவிர, பேச்சில் இன்னும் திருத்திக்கொண்டுதான் இருப்பார். "எங்க பாட்டனாரோட அப்பாவும் பட்டாளத்துல நாயக்கா இருந்தவருதான். பாஸ்ரா சண்டையில பொழச்சு வந்தவரு. நாங்க என்ன பலகையா கேட்டோம்? சுபேதாருக்கு ஒரு அத்தாட்சியாவது இருக்கா தியோடர்?" என்று கமிட்டியிலேயே கேட்டுவிட்டார். தியோடருக்கு முகம் சிவந்துவிட்டது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை காலை பழைய அடுப்பைப் பெயர்க்கப் போனோம். லோத்குண்டாவில் பந்தல் சமையல் செய்கிற சங்கர் இரண்டு ஆட்களோடு வந்திருந்தார். கடப்பாரையை நெம்பியதும் அந்த நீளக் கல் முனகிக்கொண்டே எழுந்து மறுபுறமாகச் சாய்ந்தது. அடியில் இருந்த பக்கம் முழுவதும் அடுப்புச் சூட்டில் காய்ந்த மண் ஓடு மாதிரி அப்பியிருந்தது. ஒரு முனையில் மட்டும் மண் உதிர்ந்து எழுத்து தெரிந்தது.

"சார், தமிழ்ல என்னமோ வெட்டியிருக்கு," என்றார் சங்கர்.

தியோடர் குனிந்து கையால் துடைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். 'பிஸ்தி ஞானமுத்து.'

செகந்திராபாத்தில் பிறந்தவர்களுக்குப் பிஸ்தி என்றால் யாரென்று சொல்லித் தர வேண்டியதில்லை. தோல் பையில் தண்ணீர் நிரப்பி முதுகில் சுமந்து போகிற ஆள். பட்டாளத்தில் துப்பாக்கி தராத ஆள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முப்பத்தொரு வருஷத்துச் சிரிப்பு. ஆனால் தியோடரின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன். மனுஷர் அடுப்புக்குழியின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாதான் இத இங்க கொண்டாந்து போட்டாரு," என்றார் மெதுவாக. "நான் சின்னப் பையன். இன்னொருத்தரும் அவருமா ஒரு கல்லைச் சாக்குப் போட்டு மூடித் தூக்கிட்டு வந்தாங்க. எங்கருந்துன்னு கேட்டதுக்கு, அடுப்புக்குக் கல்லுன்னு மட்டும் சொன்னாரு. அப்பா படிச்சுப் பாத்துட்டுத்தான் கவுத்துப் போட்டிருக்காரு, ரோஸ்லின்."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. கனகமணி அக்கா ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறாராம். கல்தச்சர் எழுத்து வெட்டத் தயாராக இருக்கிறார், வாசகத்தைக் கடைசியாக ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லிவிட வேண்டுமாம்.

தியோடர் எழுந்தார். "சங்கர், கல்லைத் திருப்பிப் போடு. புது மதிலுக்கு அஸ்திவாரத்துல போயிரட்டும். ரோஸ்லின், இது யாருக்கும் தெரிய நக்கோ, தெரியவே கூடாது."

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. "தண்ணி தூக்கின மனுஷனோட பேரைச் சொல்ல வெக்கமா இருக்கா? என்னைக் கொடம் தூக்கவிடாமத் தடுத்தாங்களே உங்க அம்மா, அந்த வீடே தண்ணி தூக்கின வீடா?"

"கத்தாத ரோஸ்லின். கனகமணி முன்னால நான் எப்படி நிப்பேன்? முதல் அடுப்பு சுபேதார் வீட்டுக்குன்னுதானே குடுத்தாங்க? சுபேதாரே இல்லன்னா அடுப்பு எப்படி நமக்கு?"

பலகை போனால் போகிறது, அவரால் தாங்க முடியும். நாளைக்குத் தீக்குச்சியைக் கையில் எடுக்க அவருக்கு உரிமை உண்டா என்பதுதான் அவரைத் தின்றது. கல்லின் மிச்ச எழுத்து இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருந்தது.

நான் இருபத்தெட்டு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். ஆறாத புண்ணில் காய்ந்து ஒட்டிய கட்டுத்துணியைப் பிய்த்து எடுக்கக் கூடாது, நனைத்து எடுக்க வேண்டும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தண்ணி கொண்டு வாங்க."

"நானா?"

"ஹவ், நீங்கதான். குழாய் அந்தக் கோடியில இருக்கு. வாளி சங்கர்கிட்ட இருக்கு."

என்ன நினைத்தாரோ, போனார். வீட்டில் ஒரு சொம்பைக்கூட நகர்த்தாத மனிதர், இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொண்டு பாதித் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டே வந்தார். நான் ஊற்றி, ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். மறுபடியும் போனார். மறுபடியும் வந்தார். எத்தனை வாளி என்று நான் எண்ணவில்லை. மண் கரைந்து சிவப்பாக ஓட ஓட, ஒவ்வொரு வரியாக வெளியே வந்தது. முழுவதும் தெரிந்ததும் அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.

'பிஸ்தி ஞானமுத்து. 1916-ம் வருஷம் பாஸ்ராவுக்கு வடக்கே நடந்த சண்டையில், வெயிலில் காயம்பட்டுக் கிடந்த எங்களுக்கு ஆறு விசை தண்ணீர் கொண்டுவந்து, ஏழாம் விசை வருகையில் குண்டுபட்டு மரித்தான். சுபேதார் தடுத்தும் நிற்கவில்லை. அவன் தண்ணீரால் பிழைத்த நாங்கள் வைத்த கல். அவன் மனைவி அன்னம்மாளும் அவன் வம்சத்தாரும் நம் சபை அசனத்துக்கு முதல் அடுப்பு மூட்டக்கடவர்கள்.'

தியோடர் 'முதல் அடுப்பு' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். திரும்பவும் அந்த வரியையே படித்தார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அள்ளி அந்த வரியை இன்னொரு தடவை கழுவினார்.

வார்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அடிபட்டு வருகிறவன் டாக்டரைக் கேட்க மாட்டான், அம்மாவைக்கூட அப்புறம்தான் கேட்பான். முதலில் தண்ணீர்தான் கேட்பான். கையில் ஒரு குச்சிகூட இல்லாமல், முதுகில் தண்ணீர்ப் பையோடு, சுடுகிறவர்களுக்கு நடுவே ஏழு தடவை நடந்திருக்கிறார் எங்கள் பூட்டனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டைப் பற்றி நான் பெருமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

கனகமணி அக்கா அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மேல் வரியைப் படித்ததுமே அவர் உதட்டில் சிரிப்பு ஏறியது. "பிஸ்தியா? அப்ப சுபேதார் என்ன ஆனாரு தியோடர்?"

"சுபேதாரும் இருக்காரு அக்கா, தடுத்தும் நிக்கலன்னு வருதே, அங்க," என்றேன். "கடைசி வரைக்கும் படிங்க."

வாசகத்துக்குக் கீழே கல்லை வைத்தவர்களின் பெயர்கள் ஆறு இருந்தன. கனகமணி அக்கா வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். நான்காவது பெயரில் விரல் நின்றது. 'நாயக் தேவசகாயம்.'

கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "எங்க பாட்டனாரோட அப்பா," என்றார். "பொழச்சு வந்தாரு, பொழச்சு வந்தாருன்னுதான் எங்க வீட்டுல சொல்லுவாங்க. எப்படிப் பொழச்சாருன்னு ஒருத்தரும் சொல்லல."

வெளியே சாலையில் ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கனகமணி அக்கா கல்தச்சருக்குப் போன் போட்டு, காதிலிருந்து எடுக்காமலே தியோடரைப் பார்த்தார். "என்ன போடணும்னு நீங்களே சொல்லுங்க தம்பி." முப்பத்தொரு வருஷத்தில் அவர் தியோடரைத் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தியோடர் நனைந்த பேன்ட்டோடு நிமிர்ந்து நின்றார். "சுபேதார எடுத்துரச் சொல்லுங்க. பிஸ்தி ஞானமுத்து. எழுத்து மட்டும் பெருசா இருக்கட்டும்க்கா, ரோட்டுலருந்தே தெரியணும்."

மனுஷர் மாறவே இல்லை பாருங்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்து சபை முழுவதும் புதுச் சமையல்கூடத்தின் முன் கூடியது. பழைய கல்லை வாசலிலேயே நிமிர்த்தி நட்டிருந்தோம். தியோடர் தீப்பெட்டியை எடுக்கவில்லை. குழாயடிக்குப் போய் ஒரு குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டை நனைய நனைய, கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து அண்டாவில் ஊற்றினார். கனகமணி அக்கா தீப்பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் மூட்டினேன்.

பந்தியில் பரிமாறும்போது புதுசாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் அனுபமா, ஊர் நாகர்கோவில், குகட்பள்ளியில் இருந்துகொண்டு ஐ.டி. வேலை பார்க்கிறாளாம். சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க இங்க யார் வீடு?"

"பிஸ்தி வீட்டு மருமக," என்றேன். அடுத்த வரிசைக்கும் கேட்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.